ஓரத்தில் நின்றவளை வெட்டிய கோடு

‘கிராப்’ என்ற சொல் நமக்குப் புதுசில்லை. குடுமியை எடுத்துவிட்டுத் தலைமுடியை வெட்டிக்கொண்ட காலத்திலேயே தமிழுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ‘பையனைக் கூட்டிட்டுப் போய் கிராப்பு வெட்டிட்டு வாங்க’ என்று சொல்லாத வீடு உண்டா? சலூன்காரர் கொஞ்சம் தப்பாக வெட்டிவிட்டால்கூட பெரிய நஷ்டமில்லை. பத்து நாளில் வளர்ந்துவிடும்.

இன்னொரு கிராப் இருக்கிறது. போட்டோவை வெட்டுகிற கிராப். இதில் வெட்டுப்பட்டது வளராது. வெட்டுப்பட்டது பல நேரங்களில் ஒரு மனுஷனாகவோ மனுஷியாகவோ இருக்கும்.

இந்த வாரம் சண்டை இந்த கிராப்போடு. அதைவிட முக்கியமாக, ‘இப்படி வெட்டினால்தான் அழகு’ என்று கம்ப்யூட்டர் போட்டுக் காட்டுகிற கோடுகளோடு.

கோடு என்றால் என்ன கோடு என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டோஷாப்பில் ஒரு படத்தைத் திறந்து கிராப் கருவியை எடுத்தால், படத்தின்மேல் மெல்லிய கோடுகள் விழும். நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு. படம் ஒன்பது கட்டமாகப் பிரியும். இதற்கு ‘மூன்றில் ஒரு பங்கு விதி’ என்று பெயர். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நாலு புள்ளிகளில் ஒன்றில் முக்கியமான விஷயத்தைக் கொண்டுபோய் வைத்தால் படம் அழகாக இருக்குமாம். கீபோர்டில் ‘ஓ’ எழுத்தைத் தட்டினால் கோடுகள் மாறும். சதுரக் கட்டம், மூலைவிட்டம், முக்கோணம், தங்க விகிதம், கடைசியாகச் சங்கு மாதிரி சுருண்டு போகும் தங்கச் சுருள். 2012-ல் வந்த போட்டோஷாப் சி.எஸ்.6-லிருந்து இந்த ஆறும் இருக்கிறது. லைட்ரூம் என்கிற இன்னொரு மென்பொருளிலும் இதே விளையாட்டு உண்டு. உங்கள் செல்போன் கேமராவின் செட்டிங்ஸிலும் இந்த ஒன்பது கட்டம் இருக்கும், பாருங்கள்.

இதில் என்ன தப்பு? கோடு போட்டுக் கொடுத்தால் கத்துக்கிறவனுக்கு நல்லதுதானே? இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2020 ஜனவரி 24. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரம். உலகப் பணக்காரர்களும் தலைவர்களும் வருஷா வருஷம் கூடிப் பேசுகிற இடம். அங்கே பருவநிலை மாற்றத்துக்கு எதிராகக் குரல் கொடுக்க வந்திருந்த ஐந்து இளம்பெண்கள் பனிமலையைப் பின்னணியாக வைத்து நிற்கிறார்கள். ஸ்வீடனின் கிரெட்டா துன்பர்க்கை உங்களுக்குத் தெரியும். அவரோடு லூயிசா நொய்பவர், இசபெல் ஆக்சல்சன், லுக்கினா டில்லே. இந்த நாலு பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். ஐந்தாவதாக இடது ஓரத்தில் நின்றவர் வனெஸ்ஸா நகாட்டே. உகாண்டாவைச் சேர்ந்தவர். வயது 23. கறுப்பினப் பெண்.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் உலகம் பூராவும் அனுப்பிய படத்தில் நாலு பேர்தான் இருந்தார்கள். யார் இல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘என்னை ஏன் வெட்டினீர்கள்?’ என்று வனெஸ்ஸா பகிரங்கமாகக் கேட்டார். நீங்கள் அழித்தது ஒரு படத்தை மட்டுமில்லை, ஒரு கண்டத்தையே அழித்துவிட்டீர்கள் என்று குமுறினார். அப்போது அந்த நிறுவனத்தின் தரப்பில் முதலில் வந்த விளக்கம் என்ன தெரியுமா? அவசரமாகப் படம் அனுப்ப வேண்டிய நெருக்கடி. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தெரிந்த கட்டடம் பார்வையைச் சிதறடித்தது. படத்தின் ‘காம்போசிஷன்’ கருதி மட்டுமே வெட்டப்பட்டது. பிறகு எதிர்ப்பு வலுத்ததும் முழுப் படத்தை வெளியிட்டார்கள். நிர்வாக ஆசிரியர் சாலி பஸ்பீ மன்னிப்பும் கேட்டார்.

மன்னிப்பு இருக்கட்டும். அந்த முதல் விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘காம்போசிஷன் கருதி.’

அந்தப் புகைப்படக்காரர் கட்டம் போட்டுப் பார்த்து வெட்டினாரா, கண்ணளவில் வெட்டினாரா என்பது நமக்கு முக்கியமில்லை. அவர் மனசில் வஞ்சகம் இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. வஞ்சகம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதுதான் இன்னும் பயங்கரம். கெட்ட எண்ணமே இல்லாத ஒருவர், அழகு என்று தனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதை அப்படியே பின்பற்றினார். ஐந்து பேரில் ஒரே ஒரு கறுப்புப் பெண் காணாமல் போனாள். ஏன் என்று கேட்டால் கட்டடத்தைக் கை காட்டுகிறார்கள்!

கட்டடத்தின் மேல் பழி போட ‘அழகு விதி’ என்ற ஒன்று தேவைப்படுகிறது. அந்த விதிக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

மூன்றில் ஒரு பங்கு விதிக்கு அந்தப் பெயரை வைத்து எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். வருஷம் 1797. கேமராவே கண்டுபிடிக்கப்படாத காலம். நாட்டுப்புறக் காட்சிகளை ஓவியமாக வரைவது பற்றிய புத்தகத்தில், வானத்துக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு, வெளிச்சத்துக்கு எவ்வளவு, நிழலுக்கு எவ்வளவு என்று பாகப்பிரிவினை பண்ணும்போது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை அவர் சிபாரிசு செய்தார். குடிசையும் மரமும் வானமும் வரைகிறவனுக்குச் சொன்ன யோசனை. இருநூறு வருஷம் கழித்து அது மனிதர்களை வெட்டுகிற சட்டமாகிவிட்டது.

தங்க விகிதத்தின் கதை இதைவிட சுவாரஸ்யம். 1.618 என்கிற எண். யூக்ளிட் காலத்திலிருந்தே கணிதத்தில் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, அழகான எண்தான். 1509-ல் லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியர் இதை ‘தெய்விக விகிதம்’ என்று புகழ்ந்து புத்தகம் போட்டார். லியனார்டோ டாவின்சி அதற்குப் படம் வரைந்து கொடுத்தார். என்ன படம்? பல முகங்கள் கொண்ட கனவடிவங்களின் படம். மோனாலிசாவை இந்த விகிதத்தில்தான் வரைந்தேன் என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இயற்கை, மனித உடம்பு, கலை எல்லாமே இந்த ஒரு விகிதத்தில்தான் இயங்குகிறது என்று அடித்துச் சொல்ல ஆரம்பித்தவர் 1854-ல் அடால்ஃப் சைசிங் என்ற ஜெர்மானியர். 1876-ல் ஃபெக்னர் என்ற இன்னொரு ஜெர்மானியர் பத்து செவ்வகங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று ஜனங்களைக் கேட்டார். தங்கச் செவ்வகத்துக்கு அதிக ஓட்டு விழுந்தது. பின்னாளில் பலர் அதே மாதிரி சோதனைகள் செய்தபோது முடிவுகள் அப்படி உறுதியாக நிற்கவில்லை. பார்த்தினான் கோயில், மோனாலிசா என்று அடுக்கப்படும் கதைகளை 1992-ல் ஜார்ஜ் மார்கோவ்ஸ்கி என்ற பேராசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து மேய்ந்திருக்கிறார். கதைகள் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

சரி, வரலாறு வேண்டாம். கணக்கே பார்த்துவிடலாம். 3,000 புள்ளி அகலமுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி கோடு விழுவது ஓரத்திலிருந்து 1,000-வது புள்ளியில். தங்க விகிதப்படி 1,146-வது புள்ளியில். தங்கச் சுருளைப் படத்துக்குப் பொருத்தினால் அது சுருண்டு முடிவது சுமார் 830-வது புள்ளியில். மூன்றும் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் மூன்று இடத்தைக் காட்டுகின்றன. எது அழகின் விதி? மூன்றுமே என்றால் எதுவுமே இல்லை என்றுதானே அர்த்தம்?

போதாக்குறைக்கு இந்தச் சுருளை நாலு மூலைக்கும் திருப்பலாம். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி புரட்டினால் எட்டு விதம். அதற்கும் ‘ஷிஃப்ட்’டோடு ‘ஓ’ தட்டினால் போதும். எட்டு விதத்தில் ஒன்றிலாவது உங்கள் படத்தின் ஏதாவது ஒரு மூக்கோ முழங்கையோ சுருளில் உட்காராமலா போகும்? ‘சமீபத்தில் உங்கள் குடும்பத்தில் ஒரு மனக்கசப்பு வந்திருக்குமே’ என்று ஜோசியர் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. நம் கேமரா எடுக்கிற 3-க்கு 2 என்ற சட்டமே தங்கச் செவ்வகம் கிடையாது. சினிமா ஃபிலிமின் ஒரு கட்டத்தை இரட்டிப்பாக்கி 36-க்கு 24 மில்லிமீட்டர் என்று ஆஸ்கர் பர்னாக் வைத்த அளவு அது. 1925-ல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்து அதை உலகத்துக்குப் பழக்கிவிட்டது. அதாவது, நாம் உலகத்தைப் பார்க்கிற ஜன்னலின் அளவை முடிவு பண்ணியது ஃபிலிம் சுருளின் அகலம். இன்ஸ்டாகிராம் ஆரம்பத்தில் சதுரம்தான் என்றது. 2015-ல் மற்ற அளவுகளையும் அனுமதித்தது. 2025 ஜனவரியில் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சதுரங்களையே உயரச் செவ்வகமாக மாற்றியது. சதுரத்துக்காகப் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்தவர்களின் படங்களெல்லாம் ஒரே ராத்திரியில் வெட்டுப்பட்டு நின்றன. அழகின் விதி மாறிவிட்டதா என்ன? கம்பெனியின் முடிவு மாறியது. அவ்வளவுதான்.

‘அப்படியானால் வெட்டவே கூடாதா?’ என்று கேட்காதீர்கள். வெட்டுவது ஒரு கலை. 1946-ல் ஆர்னால்டு நியூமன் இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். பியானோவின் கறுப்பு மூடி படம் பூராவும் ராட்சச இசைக்குறி மாதிரி விரிந்து கிடக்கும். மேதை கீழே ஒரு மூலையில் சின்னதாகத் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருப்பார். எடுத்த படத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டித்தான் அதை உருவாக்கினார். எந்தக் கட்டமும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

வெட்டுவதைப் பிடிக்காத ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன்கூட, 1932-ல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்னால் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை எடுத்த தன் புகழ்பெற்ற படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் பலகை குறுக்கே விழுந்திருந்தது. வடிவக் கணிதத்தின் மேல் தீராத காதல் கொண்டவர் அவர். அப்படிப்பட்டவரே 1952-ல் வந்த தன் புத்தகத்தில், கேமராவில் மாட்டிக்கொள்ளக் கட்டம் போட்ட சட்டங்களைக் கடைக்காரர்கள் விற்கிற நாள் வராமலிருக்கட்டும் என்ற அர்த்தத்தில் எழுதினார். சரியாக அறுபது வருஷத்தில் போட்டோஷாப் மெனுவில் வந்து உட்கார்ந்துவிட்டது அந்த நாள்.

எல்லாக் கோடும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. கடல் சாய்ந்து வழியாமல் இருக்க நேர்கோடு வேண்டும். பாஸ்போர்ட் போட்டோவில் முகம் எவ்வளவு இடம் பிடிக்க வேண்டும் என்பதற்கு அளவு வேண்டும். இவை ஆசாரியின் ரசமட்டம் மாதிரி. ரசமட்டம் சுவர் நேராக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அந்த வீட்டில் யார் குடியிருக்கலாம் என்று சொல்லாது. அழகு விதி என்ற பெயரில் வரும் கோடுகள் இந்த இரண்டாவது வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. என் சண்டை அதோடுதான்.

எப்படி என்கிறீர்களா? ‘முக்கியமான விஷயத்தைப் புள்ளியில் வை’ என்கிறது விதி. முக்கியமான விஷயம் எது, முக்கியமான ஆள் யார் என்று அது கேட்பதில்லை. அதை நாம் ஏற்கெனவே முடிவு பண்ணியிருப்போம். கோடு வந்து அந்த முடிவுக்குக் கணக்கு என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தும். பிறகு யாராவது கேட்டால், ‘நான் எங்கே வெட்டினேன், கோடு அப்படி விழுந்தது’ என்று சொல்லிவிடலாம்.

நம்மூர் ஆட்டோக்களின் முதுகிலும் பையன்களின் டி-ஷர்ட்டிலும் இருக்கிற சே குவேரா படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 மார்ச் 5-ல் ஹவானாவில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்தது. அசல் படத்தில் சே தனியாக இல்லை. ஒரு பக்கம் பனை ஓலை. இன்னொரு பக்கம் ஒரு மனிதரின் பக்கவாட்டு முகம். அவர் ஹோர்கே மசெட்டி. அர்ஜென்டினப் பத்திரிகையாளர், கியூபாவின் செய்தி நிறுவனமான பிரென்சா லத்தினாவின் முதல் தலைவர். பின்னாளில் துப்பாக்கி ஏந்திப் போராடப் போய் 1964-ல் அர்ஜென்டினக் காட்டில் காணாமலே போனவர். காட்டில் ஒருமுறை, படத்தில் ஒருமுறை. மசெட்டியை வெட்டியதால்தான் அந்தப் படம் உலகத்தின் படமாக ஆயிற்று என்று ஒரு கலைஞன் வாதாடலாம். நான் அதை மறுக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

இப்போது நம்மூருக்கு வாருங்கள். ஒரு குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பது யார்? நடு நாற்காலியில் தலைவர், முதலாளி, தலைமை ஆசிரியர், மாப்பிள்ளையின் பெரியப்பா. அவர்களைச் சுற்றி அடுத்த அந்தஸ்து. ஓரத்தில்? கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர். டீ கொண்டு வந்தவரை யாராவது ‘நீயும் வந்து நில்லுப்பா’ என்று கூப்பிட்டால் அவர். கல்யாண வீட்டில் சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து நிற்கும் அத்தை. தலைவர் பதவியில் தான் இருந்தும், நடுவில் புருஷனை நிற்கவிட்டு ஒதுங்கி நிற்கும் பஞ்சாயத்துத் தலைவி. ஓரம் என்பது தற்செயலாக அமைகிற இடமில்லை சார். சமூகம் யாரைத் தள்ளி நிறுத்தியதோ அவர்கள் வந்து சேர்கிற இடம்.

ஆக, ‘ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் படம் எடுப்பாக இருக்கும்’ என்ற யோசனை நடுநிலையானது கிடையாது. சமூகம் ஒருமுறை தள்ளியவர்களை அழகு வந்து இரண்டாவது முறை தள்ளுகிறது. ‘அந்தப் பெண் நடுவில் நின்றிருக்கலாமே’ என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நடுவில் நின்றால்தான் ஒரு மனுஷி படத்தில் இருக்க முடியும் என்ற சட்டத்தை யார் போட்டது?

மனிதர்கள்தான் ஓரவஞ்சனை செய்கிறார்கள், மெஷினிடம் விட்டுவிடலாம் என்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. இப்போது எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அப்போதைய ட்விட்டர், நீளமான படங்களில் எந்தப் பகுதியை முன்னோட்டமாகக் காட்டலாம் என்று ஒரு மென்பொருளை முடிவு செய்ய விட்டிருந்தது. மனிதர்களின் கண் படத்தில் எங்கே போகும் என்று கணித்து வெட்டுகிற மென்பொருள். 2020 செப்டம்பரில் ஜனங்களே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். நீளமான படத்தின் ஒரு முனையில் அமெரிக்க செனட்டர் மிட்ச் மெக்கானல், இன்னொரு முனையில் பராக் ஒபாமா. மேலே கீழே மாற்றி வைத்தாலும் மென்பொருள் மெக்கானலையே எடுத்துக் காட்டியது. 2021 மே மாதம் அந்த நிறுவனமே தன் ஆய்வை வெளியிட்டது. வெள்ளையர், கறுப்பினத்தவர் ஒப்பீட்டில் வெள்ளையருக்குச் சாதகமாக 4 சதவிகிதச் சாய்வு. பெண்களை மட்டும் எடுத்தால் வெள்ளைப் பெண்களுக்குச் சாதகமாக 7 சதவிகிதம். எப்படி வெட்டுவது என்பதை மனிதர்களே முடிவு செய்வதுதான் நல்லது என்று சொல்லி அந்தத் தானியங்கி வெட்டைக் கைவிட்டார்கள்.

நாம் எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் மெஷினும் பார்க்கும். நம் கண்ணின் கோணல்தான் அதற்குப் பாடப்புத்தகம்.

அப்போ என்னதான் பண்ணச் சொல்றே என்கிறீர்களா? நாலே நாலு விஷயம்.

ஒன்று: கிராப் கருவியை எடுத்ததும் கட்டத்துக்கு வெளியே விழும் பகுதி மங்கலாகத் தெரியும். எண்டர் தட்டுமுன் ஐந்து விநாடி அந்த மங்கலைப் பாருங்கள். அதில் முகம் இருக்கிறதா? கை இருக்கிறதா? யாருடையது? மென்பொருள்காரன் தெரிந்தோ தெரியாமலோ வைத்த ஒரே நேர்மையான வழிகாட்டி அந்த மங்கல்தான். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு: போட்டோஷாப்பில் ‘வெட்டிய புள்ளிகளை அழித்துவிடு’ என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். வெட்டியது கோப்புக்குள்ளேயே இருக்கும். நாளைக்கு ஒருத்தி வந்து ‘நான் எங்கே?’ என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

மூன்று: பத்திரிகை நண்பர்களே, ‘இடமிருந்து வலம்’ என்று பெயர் எழுதுவதை வெட்டுவதற்கு முன்னால் எழுதுங்கள். பெயர் தெரிந்த ஆளை வெட்டக் கை கூசும். பெயர் தெரியாத ஆள்தான் சுலபமாகக் ‘காம்போசிஷன்’ ஆகிவிடுகிறார்.

நான்கு: போட்டோகிராபி சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்களே, ஒன்பது கட்டத்தை முதல் நாள் சொல்லிக் கொடுங்கள், தப்பில்லை. இரண்டாம் நாள் அது 1797-ல் குடிசைக்கும் வானத்துக்கும் சொன்ன யோசனை என்பதையும் சொல்லிக் கொடுங்கள். தங்கச் சுருளை எட்டாகத் திருப்பிக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வையுங்கள். சிரித்த பிள்ளை அதன்பிறகு அதைக் கும்பிடாது.

வெட்டுப்பட்ட வனெஸ்ஸா நகாட்டே 2021-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர், ‘பெரிய படம்’ என்ற அர்த்தம் வருகிற ஆங்கிலத் தலைப்பு. அவருக்குப் பின்னால் அன்று தெரிந்த கட்டடம் யாருடையது, என்ன கலர் என்று இன்றைக்கு யாராவது கேட்கிறார்களா?